வெட்டியவர் பெயர்

“எத்தனை வேணும்?” என்று யாராவது கேட்டபோது, கடைசியாக எப்போது நீங்கள் உண்மையான எண்ணைச் சொன்னீர்கள்?

ரொம்ப யோசிக்காதீர்கள். யோசித்தால் இதற்கும் பொய்தான் வரும். இருபது நாற்காலி போதும் என்று தெரிந்தும் முப்பது என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள். இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள் அவகாசம் கேட்டவர் நீங்கள். கேட்டதைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் ஏற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஏற்றித்தான் கேட்பீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் குறைத்தார்கள். இரண்டு தரப்பும் நன்றாகப் புரிந்துகொண்டு நடத்தும் இந்த மோசடிக்கு நாகரிகமான பெயர் ‘திட்டமிடல்’.

அந்தத் திட்டமிடலை இருபது வருடம் சம்பளத்துக்குச் செய்த ஒரு பெண்ணின் கதை இது. அவரை நல்லவர் என்று நிரூபிக்க நான் எழுத உட்காரவில்லை. நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் டயாலிசிஸ் குழாய்கள் செய்தார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும்போது, உடம்புக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இரத்தம் போய்வரும் குழாய்கள். ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஒரு செட். முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இருபது வயதில் பேக்கிங்கில் சேர்ந்து, ஆறு வருடம் நின்றபடியே உறை ஒட்டினார். திட்டமிடும் குமாஸ்தா திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, எந்த மெஷின் எப்போது என்ன செய்யும் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர்தான் என்று தெரிந்தது. மேலே தூக்கி உட்காரவைத்தார்கள். மேலே என்றால் நிஜமாகவே மேலே. மெஷின் கூடத்துக்கு மேல், இரும்புப் படி ஏறிப் போக வேண்டிய, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு வெள்ளைப் பலகை, ஏழு நாளுக்கு ஏழு கோடு, ஒரு மேசை, இழுத்தால் முனகும் ஒரு டிராயர்.

வெள்ளிக்கிழமை லாரியில் ஏற வேண்டிய செட்டை, முந்தின வெள்ளிக்கிழமையே குழாயாக இழுத்திருக்க வேண்டும். இழுத்ததை வெட்டி, முனைகளை ஒட்டி, உறையிலிட்டு, கிருமிநீக்க அறைக்குள் தள்ளி, பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு நாள் பூட்டி வைக்க வேண்டும். எங்காவது ஒரு நாள் பிசகினால் லாரி பாதி காலியாகப் போகும். ஆக, திங்கட்கிழமை காலையில் யாருக்கு எத்தனை என்று அவர் பலகையில் எழுதுவதுதான் அடுத்த வாரம் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கட்டிலில் படுத்திருப்பவரின் கைக்குப் போய்ச் சேரும்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டம் இப்படி நடக்கும்.

“ஆயிரம் செட்,” என்பார் விற்பனை மேலாளர்.

இவர் பலகையில் எழுநூறு என்று எழுதுவார்.

“ஏம்மா, நான் ஆயிரம்னு சொன்னது காதுல விழலையா?”

“நல்லா விழுந்துச்சு சார். அதான் எழுநூறுன்னு எழுதினேன்.”

அந்த மேலாளருக்கு ‘பத்துக்கு ஏழு’ என்றே பெயர். ஸ்டோர் பொறுப்பாளருக்குப் பெயர் ‘இல்லைக்காரர்’.

“ஒட்டுற பசை எவ்வளவு இருக்குண்ணே?”

“இல்லை.”

“கொஞ்சங்கூடவா?”

“நாலு டின் இருக்கும்.”

“ஆறுன்னு போட்டுக்கிறேன்.”

“போட்டுக்கோ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.”

கடைசியில் ஃபோர்மேன் வருவார். குழாயின் அளவு மாறும்போது மெஷினில் டை என்கிற அச்சை மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்பார். முக்கால் மணி நேரம் என்று பலகையில் விழும்.

“அக்கா, நான் என்ன மாயாஜாலமா பண்றேன்?”

“போன வாரம் பண்ணீங்களே. கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

தொழிற்சாலை முழுக்க அவரை ‘மைனஸ் அக்கா’ என்றுதான் கூப்பிட்டது. வீட்டிலும் அப்படியே. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் “பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்றால் இவர் அரைமணி நேரம் கழித்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். கல்லூரிக்குப் போகும் மகள், “எங்கம்மாகிட்ட பொய்க்குத் தள்ளுபடி உண்டு” என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முனகும் டிராயருக்குள் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. எண் சொல்லும் பதினேழு பேர் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் சொல்வதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வாரா வாரம் கேட்டது எத்தனை, உண்மையில் தேவைப்பட்டது எத்தனை, போனது எத்தனை என்று மூன்று பத்தி. இருபது வருடம் பார்த்துப் பார்த்துத் திருத்தியது. அந்த நோட்டு மனிதர்களைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொன்னது: யாரும் பிறக்கும்போதே ஏற்றிச் சொல்வதில்லை. ஒருமுறை நியாயமாகக் கேட்டு, வெட்டு வாங்கி, சூடு பட்டவர்கள்தான் ஏற்றுகிறார்கள்.

பதினேழு பேரில் ஒருவருக்கு எதிரே மட்டும் சைபர். அவர் ஒரு சிறிய அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டுப் பொறுப்பு நர்ஸ். எல்லோரும் கூப்பிடுவதுபோல் நாமும் சிஸ்டர் என்றே சொல்வோம்.

அந்தச் சைபர் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், சிஸ்டரிடமிருந்து தொண்ணூற்றாறு செட் என்று முதல் ஆர்டர் வந்தபோது, மைனஸ் அக்கா பழக்க தோஷத்தில் எண்பது அனுப்பிவிட்டார். மறுவாரம் சிஸ்டர் இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு காலி அட்டைப் பெட்டியோடும் வார்டுப் பதிவேட்டோடும் இரும்புப் படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரவில்லை.

“நீதான் வெட்டுனியா?”

“வெட்டலை சிஸ்டர். வழக்கமா எல்லாரும் கொஞ்சம் ஏத்தித்தான் கேப்பாங்க…”

“எங்க வார்டுல முப்பத்திரண்டு பேரு. வாரத்துக்கு மூணு தடவை. பெருக்கத் தெரியுமில்ல? தொண்ணூத்தாறு. இந்தா, பேரெல்லாம் இதுல இருக்கு. இதுல எந்தப் பேரைக் கழிச்சே? சொல்லு. நான் போய் அவங்ககிட்டயே சொல்லிடறேன், உனக்கு இந்த வாரம் கிடையாதுய்யான்னு.”

பதிவேடு மேசையில் விரிந்து கிடந்தது. மைனஸ் அக்காவால் எந்தப் பெயரையும் தொட முடியவில்லை. அன்றைக்கு நோட்டில் சைபர் விழுந்தது. அதன்பின் பதினொரு வருடம் தொண்ணூற்றாறு கேட்டால் தொண்ணூற்றாறு போனது.

ஊழல் எங்கும் நிறைந்த ஓர் ஏற்பாட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் ஒருவருக்கொருவர் உண்மை பேசிக்கொண்டார்கள். நிர்வாகத்தின் கண்ணில் அது படவில்லை. பட்டபோது சும்மா விடவில்லை.

போன வருடம் பொது மேலாளர், வேலை முறைகளை ஆராய்ந்து சீர்படுத்த வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தார். தலைமை தாங்கி வந்த இளைஞர் பார்த்ததையெல்லாம் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மூன்றாம் நாளே அவருக்கு ‘மஞ்சள் சீட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டோர் சுவர், மெஷின் கூடத்துச் சுவர், ஓய்வறைக் கதவு எல்லாம் மஞ்சள். இல்லைக்காரர் ஒரு சீட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, “நானும் ஒரு வேலை முறைதான், சீர்படுத்துங்க” என்று நின்றாராம்.

மஞ்சள் சீட்டு இரும்புப் படி ஏறி வந்து கேட்டார்: “மேடம், இந்த எண்ணையெல்லாம் எப்படி முடிவு பண்றீங்க?”

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மனம் குளிர்ந்துவிட்டது. டிராயரை இழுத்தார்.

அதுதான் அவர் செய்த தவறு.

“மேடம், இது பொக்கிஷம்,” என்றார் மஞ்சள் சீட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்தபடி. “இங்க ஒரே ஒரு சைபர் இருக்கே?”

“அவங்க ஏத்தவே மாட்டாங்க தம்பி.”

“இத்தனை பேர்ல ஒருத்தர் மட்டுமா?”

“ஒருத்தர் மட்டும்தான்.”

“அப்போ அது விதிவிலக்கு,” என்று அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். அவர் படித்த படிப்பில் விதிவிலக்கு என்றால் விலக்கிவிட வேண்டியது. சைபரைத் தூக்கிவிட்டு, மீதிப் பதினாறு பேருக்கும் சராசரி எடுத்தார். இருபத்திரண்டு சதவீதம் வந்தது. பெரிய மனதோடு இருபதாகக் குறைத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். இனி யார் எத்தனை கேட்டாலும் கணினியே இருபது சதவீதத்தைக் கழித்துவிடும். கழித்தபின் வருவதற்குப் பெயர் ‘சரிசெய்த தேவை’. திட்டமும் உற்பத்தியும் லாரியும் அந்த எண்ணைத்தான் பார்க்கும். முதலில் கேட்ட எண் அழிந்துவிடும்.

“இனிமே ஆளுக்கொரு நியாயம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே வெட்டு,” என்றார் பொது மேலாளர். கைதட்டினார்கள்.

மைனஸ் அக்கா எழுந்தார். “சார், பொய் சொல்றவங்களுக்கும் உண்மை சொல்றவங்களுக்கும் ஒரே வெட்டா?”

“யார் உண்மை சொல்றாங்கன்னு சிஸ்டத்துக்கு எப்படிம்மா தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

“அதான் பிரச்சினையே. எல்லாம் உன் ஒருத்தி தலைக்குள்ள இருக்கு.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஒருவர் தலைக்குள் இருக்கும் அதிகாரம் ஆபத்தானது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த அதிகாரத்தை எடுத்து அவர்கள் எங்கே வைத்தார்கள்? யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் வைத்தார்கள். மனிதர் வெட்டினால் படியேறி வந்து சண்டை போடலாம். திரை வெட்டினால் அது அசரீரி மாதிரி. எதிர்த்துப் பேசினால் பேசுகிறவருக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள்.

பொய்யர்களை அந்த வெட்டு ஒன்றும் செய்யவில்லை. பத்துக்கு ஏழு இரண்டே வாரத்தில் புரிந்துகொண்டு ஆயிரத்து இருநூற்றைம்பது கேட்டார். கணினி இருபது சதவீதம் கழித்து ஆயிரம் கொடுத்தது. அவருக்குத் தேவை எழுநூறுதான். மீதி முந்நூறு செட் வாரா வாரம் கோடவுனில் அடுக்கப்பட்டது. முன்பு மைனஸ் அக்காவிடம் பலிக்காத பொய், இப்போது பலித்தது. வெட்டு விழுந்தது ஒரே ஒருவர் கழுத்தில்.

தொண்ணூற்றாறில் இருபது சதவீதம் போனால் எழுபத்தேழு.

முதல் வாரமே சிஸ்டர் போன் செய்தார். “ஏம்மா, பதினொரு வருஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சிட்டியா?”

“நான் இல்லை சிஸ்டர், சிஸ்டம். கையால மாத்தப் பார்த்தேன், பூட்டி வெச்சிருக்காங்க. மேல எழுதிக் கொடுத்திருக்கேன்.”

நான்கு வாரம் எழுதிக் கொடுத்தார். நான்கு வாரமும் எழுபத்தேழு. வாரத்துக்குப் பத்தொன்பது பேருக்கு மூன்றாவது தடவை கிடையாது. யாருக்கு இல்லை என்பதைச் சிஸ்டர் முறைவைத்துப் பிரித்தார். ஆனால் முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் என்றால், அடுத்தடுத்து இரண்டு வாரமும் விடுபடுகிறவர்கள் ஆறு பேராவது இருந்தே தீருவார்கள். கடைத்தெருவில் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர், “எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், என்னைப் போட்டுக்கோங்க” என்று தானாகவே அந்த ஆறில் ஒருவரானார். நான்காம் வாரம் காலை ஆறு மணிக்கு, நெஞ்சு முழுக்கத் தண்ணீர் கோத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல், உட்கார்ந்த வாக்கில் அவரைத் தூக்கி வந்தார்கள். எட்டு நாள் போராடிப் பிழைத்தார். கண் விழித்ததும், “என் தலையெழுத்து, யாரைச் சொல்றது” என்றார்.

அவர் தலையில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஓர் அட்டவணையின் ஒரு கட்டத்தில், நூற்றுக்கு எண்பது போதும் என்று, ஒருவர் 0.8 என எழுதினார். எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

கடிகாரக்காரரைத் தூக்கி வந்த செய்தி கேட்ட அன்றே மைனஸ் அக்கா சிஸ்டருக்குப் போன் செய்தார். “சிஸ்டர், இந்த வாரம் நூத்தி இருபதுன்னு எழுதுங்க. தொண்ணூத்தாறு வரும்.”

போனில் பதிவேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சிஸ்டர்?”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

“எல்லாரும் எழுதட்டும். எனக்குப் பதிவேடு இருக்கும்மா. ஆர்டர்ல நூத்தி இருபதுன்னா பதிவேட்டுல நாற்பது பேரு இருக்கணும். எட்டுப் பேருக்கு நான் எங்க போவேன்?”

ஆனால் அடுத்த ஆர்டரில் நூற்றிருபது என்று வந்தது. சிஸ்டர் எங்கே போனார் என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஐந்து மாதமும் எல்லோருக்கும் பொற்காலம். சிஸ்டருக்குத் தொண்ணூற்றாறு வந்தது. கடிகாரக்காரர் கூண்டுக்குத் திரும்பினார். தொழிற்சாலைத் திரையில் ‘கேட்டது, அனுப்பியது: நூற்றுக்கு நூறு’ என்று பச்சை விளக்கு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? கேட்டதை அழித்துவிட்டு, அனுப்பப் போவதையே கேட்டதாக எழுதிக்கொண்டால், எந்தக் கையாலாகாதவனும் நூற்றுக்கு நூறு வாங்கலாம். அந்தப் பச்சை விளக்கைக் காட்டிப் பொது மேலாளர் சம்பள உயர்வு வாங்கினார்.

பிறகு மருத்துவமனையில் வருடாந்தரத் தணிக்கை வந்தது. பதிவேட்டில் நாற்பது நோயாளிகள், இயந்திரங்கள் ஓடியதோ முப்பத்திரண்டு பேருக்கு. புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரைத் தேடினார்கள். தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே வீட்டு முகவரி.

சிஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஊர்பேர் தெரியாத எட்டுப் பெயரைக் கற்பனை செய்ய மனம் வரவில்லை. இல்லாத ஆளை நோயாளி ஆக்குவது பாவம் மாதிரி இருந்ததாம். அதனால் தன் கணவர், இரண்டு மகன்கள், மருமகள், நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, எட்டாவதாகத் தன் பெயர் என்று வீட்டையே படுக்கவைத்துவிட்டார். தணிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்து, வேலையிலிருந்து தற்காலிக நீக்கம் செய்தார்கள். போலிப் பெயரில் மருத்துவப் பொருள் கேட்டதாகக் குற்றச்சாட்டு. நோக்கம்: திருட்டு.

சிஸ்டர் சொன்ன பதில் ஒன்றுதான். “தொண்ணூத்தாறு கேட்டா எழுபத்தேழு அனுப்பினாங்க. அதனால ஏத்தி எழுதினேன்.” அது உண்மையா என்று மருத்துவமனை தொழிற்சாலையிடம் எழுத்தில் கேட்டது.

பதில் கடிதம் மைனஸ் அக்காவின் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. ‘எங்கள் பதிவுகளின்படி எந்த வாரத்திலும் கேட்டதைவிடக் குறைவாக அனுப்பியதில்லை. குறிப்பிட்ட நான்கு வாரங்களில் கேட்கப்பட்டது எழுபத்தேழு, அனுப்பப்பட்டது எழுபத்தேழு.’

படித்துப் பாருங்கள். இதில் திருட்டுப் பழி மட்டும் இல்லை. கடிகாரக்காரர் சாகக் கிடந்ததற்குக் காரணமே சிஸ்டர் குறைவாகக் கேட்டதுதான் என்று ஆகிறது. பதினொரு வருடத்தில் ஒரு செட் கூடக் கூடுதலாகக் கேட்காத பெண்மேல்.

மைனஸ் அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு பொது மேலாளர் அறைக்குப் போனார்.

“சார், அவங்க கேட்டது தொண்ணூத்தாறு.”

“அது கச்சா எண்மா, திருத்தாதது. சரிசெய்த தேவை எழுபத்தேழு. சிஸ்டத்துல அதான் இருக்கு.”

“அவங்க வாயால கேட்டது?”

“வாயால கேட்டதெல்லாம் பதிவா? நாம ஒண்ணும் பொய் எழுதலையே. ஸ்க்ரீன்ல இருக்கறதைத்தான் எழுதியிருக்கோம். நீயேதான் இருபது வருஷமா கழிச்சே. அப்ப வராத மனசாட்சி இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?”

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. மைனஸ் அக்கா கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் கணவர், “ஒரு வாரம் லீவு போட்டுடு. வேற யாராவது கையெழுத்துப் போட்டுத் தொலையட்டும்” என்றார்.

“ஒரு வாரம்னா நீங்க சொல்றது ஒரு மாசம்.”

“நான் சொல்றது, வேலை போயிடும்னு.”

“அதை நேராச் சொல்லுங்களேன்.”

“சரி. வேலை போயிடும்.”

“இதுல கழிக்க ஒண்ணுமில்லை,” என்றார் இவர். மகள் சிரிக்கவில்லை.

கடிதம் வேறொருவர் கையெழுத்தோடு போனது. விசாரணை நாளன்று காலை பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே, மைனஸ் அக்கா நீல நோட்டோடு மருத்துவமனைக்குப் போனார். அறைக்கு வெளியே பெஞ்சில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கடிகாரக்காரர். சிஸ்டர் இவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கடிதத்தைத் தட்டிக் காட்டினார்.

“கேட்டதும் அனுப்புனதும் ஒண்ணுன்னு கம்பெனி எழுதியிருக்கு. நீங்க அந்தக் கம்பெனிதானே?”

“இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்.”

நோட்டை விரித்தார். கணினி வந்தபின்னும் பழக்கம் விடாமல் வாரா வாரம் மூன்று பத்தியும் எழுதியிருந்தார். கேட்டது தொண்ணூற்றாறு, தேவை தொண்ணூற்றாறு, போனது எழுபத்தேழு. நான்கு வரி.

“இது அதிகாரபூர்வமான ஆவணம் இல்லையேம்மா.”

“இல்லை சார். அதனாலதான் யாரும் இதை அழிக்கலை.”

“நூத்தி இருபதுன்னு எழுதச் சொன்னது யாரு?”

“நான்.”

“எட்டுப் பேரைச் சேர்க்கச் சொன்னதும் நீங்களா?”

“இல்லை. ஆளுங்களை எழுத வேண்டியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. எனக்கு அது ஒரு எண்ணு, அவ்வளவுதான்.” நோட்டைத் தொட்டுக் காட்டி, “அந்த இருபது சதவீதமும் என் நோட்டுலேர்ந்து போனதுதான். நான்தான் தூக்கிக் கொடுத்தேன்” என்றார்.

கதவு திறந்திருந்தது. வெளியிலிருந்து சிஸ்டர் குரல் வந்தது. “ஐயா, ஒண்ணு கேக்கறேன். என் ஆர்டர்ல கேட்டவர் பேரு இருக்கு, கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. வெட்டுனவர் பேரு எங்க? பத்தொன்பது செட்டை வெட்டுனது யாருன்னு சொல்லிட்டு அப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்புங்க.”

மூன்று பேரும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு கட்டமே அதில் இல்லை.

திருட்டு நோக்கம் என்ற குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பொய்ப் பதிவு என்பது மட்டும் நிலைத்தது. சிஸ்டரை வார்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். மைனஸ் அக்காவுக்கு, நிறுவனத்தின் உள் தகவலை வெளியிட்டதற்காக, வேலை போனது. சாயங்காலம்வரை கூட அவர்கள் காத்திருக்கவில்லை. 0.8 அப்படியே இருக்கிறது. வார்டுக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர், நடந்ததைக் கேட்டுப் பயந்து, ஒழுங்காகத் தொண்ணூற்றாறு என்று எழுதுகிறார். எழுபத்தேழு வருகிறது.

இப்போது வியாழக்கிழமைகளில் மைனஸ் அக்கா அந்த வார்டின் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். ஆர்டர் படிவத்தின் நகல் ஒன்றில், நோயாளிகள் முப்பத்திரண்டு பேரும் தங்கள் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதுகிறார்கள். கை நடுங்குகிறவர்களுக்குக் கடிகாரக்காரர் எழுதிக் கொடுக்கிறார். பொடி எழுத்து அவருக்கு நன்றாக வரும். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போடுகிறார்கள். அதன்மேல் ‘வெட்டியவர் பெயர்’ என்று எழுதித் தபாலில் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள்.

முதல் வாரம், “படிவத்துல கூடுதல் கட்டம் போடக்கூடாது” என்று போன் வந்தது. இரண்டாம் வாரம் பதிலே இல்லை. மூன்றாம் வாரம் அனுப்பிய தாள் திரும்பி வந்தது. மேசை மேசையாகச் சுற்றியிருக்கிறது. கட்டத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கையெழுத்து. விற்பனை: ‘நான் இல்லை’. ஸ்டோர்: ‘இல்லை’. ஃபோர்மேன்: ‘நான் இல்லை அக்கா’. கணினிப் பிரிவு: ‘நாங்கள் அல்ல’. பொது மேலாளருக்காக அவருடைய உதவியாளர்: ‘எங்களுக்குத் தொடர்பில்லை’. ஐந்து பேரும் வெட்டவில்லை. அந்த வாரமும் எழுபத்தேழுதான் வந்தது.

சிஸ்டர் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்து அந்தத் தாளைப் பார்த்தார். மைனஸ் அக்காவோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. “ஸ்கேலைக் கொடு,” என்று மட்டும் சொல்லி, அடுத்த தாளில் கட்டத்தைப் பெரிதாகப் போட்டார்.

உங்களிடம் நான் இரக்கம் கேட்கவில்லை. நாளைக்கு உங்கள் மேசைக்கும் ஒரு படிவம் வரும். மருந்தோ, புத்தகமோ, பேருந்தோ, ஆசிரியரோ, யாரோ எதையோ இத்தனை வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். கேட்டவர் பெயருக்கு அதில் இடம் இருக்கும். அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போடுங்கள். ‘வெட்டியவர் பெயர்’ என்று எழுதுங்கள். வெட்டப்போவது நீங்கள் என்றால் முதலில் உங்கள் பெயரை அதில் எழுதிவிட்டு வெட்டுங்கள். வேறு யாராவது என்றால், அந்தக் கட்டம் நிரம்பாமல் தாளைக் கையிலிருந்து விடாதீர்கள்.